றோஸ் நிறச் சூப்

"இதில்லை" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார் சவுந்தரநாயகம். ஒரு கரண்டி குடித்ததோடு சரி. பம்பலப்பிட்டிச் சைனீஸ் ஹோட்டலில் பரிமாறுகிற றவூப்புக்குப் பொறுமை போய்விட்டது.

"போன கெழமயும் இதத்தானே சொன்னீங்க? பேரச் சொல்லுங்களேன்."

பேர் தெரிந்தால் மனுசன் ஏன் இப்படி அலைகிறார்! பாங்கொக்கில் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று விரலைக் காட்டியே சாப்பிட்டு வந்தவர். "றோஸ் நிறம் தம்பி. தட்டை நூடில்ஸ் கிடக்கும். ஒரு சீனக் கிழவி விக்கிறவ."

"றோஸ் கலர்ல எங்கள்ட்ட ஐஸ்கிறீம்தான் ஈக்கி."

வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து புறப்படும்போது சட்டைப் பையிலுள்ள அடையாள அட்டையைத் தொட்டுப் பார்ப்பார். காலி வீதிக்கு வந்து மறுபடி தொடுவார். ஆமி மறிக்கிற சென்றிப் பொயின்றில் எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டால், சூப் குடிக்க என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். அதை எந்த ஆமிக்காரன் நம்புவான்? ஒருநாள் வெயிலில் நெடுநேரம் நிற்க வைத்துவிட்டார்கள், பாவம்.

மகன் சிவபாலனைக் கனடாவுக்கு ஏற்றிவிட ஏஜென்சிக்காரனை நம்பி இரண்டு பேருமாகப் பாங்கொக் போனார்கள். தகப்பனைப் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. மகன் அங்கேயே நின்றுவிட்டான். முதலில் லொட்ஜுக்குப் பக்கத்துக் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்தான், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. காலையில் கேட்டால் "கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்" என்பார் சவுந்தரநாயகம். பின்னேரம் கேட்டால் "பிடிச்சு உள்ளுக்கை போட்டாங்களோ தெரியேல்லை" என்பார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அங்கே மகனோடு குடித்த அந்தச் சூப் ஒன்றுதான்.

ஊரிலிருந்து திருகோணமலைக் கப்பல் ஏறி அவரிடம் வந்து சேர்ந்த மனைவி இரத்தினம்மா கேட்டதும் அதைத்தான். "பிள்ளை என்னத்தைச் சாப்பிடுறவன்?"

"சூப். நல்ல சூப். மரக்கறிதான்."

வாய் தவறி வந்த பொய். முட்டைகூட ஏறாத வீடு அது. பொடியனின் கோப்பையிலோ கணவாயும் மீன் உருண்டையும் மிதந்தன. றோஸ் நிறத்தில் மரக்கறிச் சூப் என்றதும் இரத்தினம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்கள் உண்மையா அவனோட இருந்தனீங்களோ? எனக்கு என்னத்தையோ மறைக்கிறியள்." அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சூப்பைக் காட்டிவிட்டால் நம்புவாள் என்று ஓடித் திரிந்தார் மனுசன். காட்டினால் பொய் வெளிப்படுமே என்று ஒரு மண்ணும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளையே அந்த ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதையைக் கேட்ட றவூப் குசினிக்குள் போய்ச் சமையல்காரரிடம் என்னவோ கெஞ்சினான். தக்காளிச் சாறும் பீட்றூட்டும் விட்டு, மெய்யாகவே றோஸ் நிறத்தில் ஒரு கோப்பை வந்தது.

"இதுதான்! கிட்டத்தட்ட இதுதான்!" என்று துள்ளினார் சவுந்தரநாயகம். பிறகுதான் மேலே மிதந்த வெள்ளை உருண்டைகளைக் கண்டார்.

"இது என்னப்பா?" என்று உருண்டையைக் காட்டி அவரைக் கேட்டாள் இரத்தினம்மா.

"மீன்."

"அவனும் இதைத்தானோ சாப்பிட்டவன்?"

"ஓம். ஒவ்வொரு நாளும். பசியெண்டு ஒருநாளும் இருக்கேல்லை."

இரத்தினம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியால் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்து, அடுத்ததை அள்ளினாள்.