சக்கரத்துக்கு ஒரு சுண்டைக்காய்

டிவி தொடரில் வரும் விண்வெளி வண்டியின் சின்ன மாதிரிக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் மனைவி சுண்டைக்காய் தட்டும் சத்தம் கேட்டது. நினைவில் பெரம்பலூரிலிருந்து நேராகச் சின்ன வயது அரியலூர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கேதான், சினிமாவில் பார்த்த போலீஸ் ஜீப்பைச் செருப்புப் பெட்டி அட்டையில் செய்தேன். சக்கரங்கள் சோடா மூடிகள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். பார்த்தால் சிரிப்பாரென்று ஒளிக்கப் போனேன். அதற்குள் அம்மா பிடித்துவிட்டாள்.

"புது வண்டிய பூசை போடாம எடுக்கலாமாடா?"

சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துப் பார்த்தாள். பழம் ஜீப் உயரத்துக்கு நின்றது. அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு சுண்டைக்காய் வைத்தாள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். "அட்டைக்கு எதுக்குடி பூசை?"

"அவனுக்கு அது வண்டிங்க."

அப்பா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜீப்பை உள்ளங்கையால் அழுத்தி உருட்டினார். காய்கள் டப் டப்பென்று நசுங்கின.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. பாத்து ஓட்டுடா."

இன்றுவரை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

விண்வெளி வண்டிக்குக் கடைசிச் சக்கரத்தையும் ஒட்டிவிட்டு அடுக்களையில் இருந்த மனைவியிடம் போனேன். "நாலு காய மட்டும் தட்டாம குடும்மா."

"எதுக்குங்க?"

"புது வண்டி எடுத்திருக்கேன்."