அணையாத பச்சை விளக்கு

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கொளஞ்சியப்பனுக்கு, தான் பெரிய மேதை என்று ஒரு நினைப்பு. அதற்கு ஆதாரம் சுவரில் ஒட்டிய ஒரே ஒரு அட்டை: 'விளக்கு அணையும் முன் பென்டிரைவைப் பிடுங்காதீர்!' அவசரமாகப் பிடுங்கி ஒரு காதுகுத்துப் போட்டோ அத்தனையையும் தொலைத்து, பிள்ளையின் தாய்மாமனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த ஞானம் அது. பழைய கம்ப்யூட்டரில் 'எடுக்கலாமா' என்று அழுத்திக் கேட்டால் போதும். அது பென்டிரைவுக்குப் போகும் கரண்டை நிறுத்தும், பென்டிரைவில் எரியும் பச்சை விளக்கும் அணையும்.

2007இல் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதே வாரம் அவனுடைய கல்யாணப் பத்திரிகையும் தயாரானது. நாலு மணி பஸ்ஸில் கண்டக்டர் நடராசனிடம் பென்டிரைவைக் கொடுத்துத் திருச்சி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இன்று தவறினால் பத்திரிகை கல்யாணம் முடிந்துதான் கைக்கு வரும்.

அழுத்தினான். திரையில் ஏதோ வந்தது. வழக்கம்போல ஓகே கொடுத்தான். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினான். ஊகூம். கம்ப்யூட்டரையே அணைத்தான். திரை இருண்டது, பாழாய்ப்போன பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது. சுவரில் இருந்த சுவிட்சை அணைக்கலாம் என்பது மேதைக்குத் தோன்றவில்லை.

"ஏ கொளஞ்சி, வண்டிய எடுக்கட்டுமா?" என்று பஸ்ஸிலிருந்து நடராசன் கத்தினான்.

"இருண்ணே, வெளக்கு அணையட்டும்!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த முந்திரி வியாபாரி இருசம்மாள் பதறிப்போனாள். "கல்யாணத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சுடா இது! வெளக்கு அணையட்டுமாம்ல!"

பஸ் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் சிவரஞ்சனி போன் செய்தாள். கட்டிக்கப்போகிறவள். எல்லாவற்றையும் கொட்டினான்.

"புதுக் கம்ப்யூட்டரு கரண்ட நிறுத்தாதுங்க. எழுதுறத மட்டும் நிறுத்தும். எடுக்கலாம்னு திரையில வந்திருக்குமே?"

"வந்துச்சு... படிக்கல."

"படிக்காமயே ஓகே குடுத்தீங்களா?" விடாமல் கேட்டாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் அப்படித்தானா?"

"ஐயோ, இல்ல! அன்னிக்கு மட்டுந்தான் ஒழுங்காப் பாத்துட்டு ஓகே சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டு, மொபெட்டில் விரட்டி, உடையார்பாளையத்தில் பஸ்ஸைப் பிடித்தான். மூச்சு வாங்க நடராசனிடம் கொடுத்தான்.

"வெளக்கு அணைஞ்சிருச்சா?" என்று நடராசன் வேண்டுமென்றே கேட்டான்.

"இல்லண்ணே. எரியறப்பவே எடுத்துட்டு வந்துட்டேன்."

இருசம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் கன்னத்தை வழித்தாள். "இப்பத்தான்டா மாப்ள மாதிரி பேசற."