மூலையிலிருந்து நாற்காலிவரை

இது நடந்தது. எனக்கல்ல, என் மச்சினனுக்கு. வீடுகளில் ஸ்டீரியோ செட் பொருத்துவது அவன் தொழில். தன் அக்காவிடம் தவிர வேறு யாரிடமும் அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தை நானும் என் காதால் கேட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

போன சனிக்கிழமை. பேய் நடமாடும் நேரமெல்லாம் இல்லை, பட்டப்பகல். மணி 3:10.

வீடு ஒரு வயதான பல் டாக்டருடையது. மனைவியை இழந்து தனியாக இருப்பவர். போன வருடம் அவர் பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி, தாங்காத சின்ன ஆம்ப்ளிபயரில் மாட்டி அதை எரித்துவிட்டார். பத்து நாள் அது மச்சினனின் கடை அலமாரியில் கிடந்தது. திருப்பி வாங்க வந்தவரிடம், "ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சார், ஒண்ணு கேக்குறதை இன்னொண்ணு குடுக்கலைன்னா முதல்ல சூடு, அப்புறம் புகை" என்று சொல்லி இவன் சிரித்திருக்கிறான். அவர் சிரிக்கவில்லை. மனைவி இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பது இவனுக்கு அப்போது தெரியாது.

இந்த முறை எல்லாம் புதுசு. ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர், கூடவே அடித்தொனிக்கென்று தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர். சத்தம் வீடு முழுக்க நிரம்ப வேண்டும், வேறு எதுவும் காதில் விழக் கூடாது என்றார் டாக்டர். பிறகு கண்ணாடி அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த மூலை மட்டும் வேணாம் தம்பி."

சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சப்வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு வழி உண்டு. ஆள் உட்காரும் நாற்காலியில் அதைத் தூக்கி வைத்து, ஒரே ஒரு அடித்தொனியை ஓடவிட வேண்டும். பிறகு காதைத் தரைப்பக்கம் வைத்து அறை முழுக்கத் தவழ வேண்டும். எங்கே சத்தம் நிறைவாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம். அங்கிருந்து நாற்காலிக்கும் அதே நிறைவோடு கேட்கும். போகிற வழிதான் வருகிற வழியும்.

மச்சினன் தவழ்ந்தான். ஜன்னலடியில் சத்தம் சோகை. கதவருகே குழப்பம். வேண்டாம் என்ற மூலையை நெருங்க நெருங்க... நிறைந்துகொண்டே வந்தது.

3:25. அந்த அடித்தொனிக்கு நடுவே வேறொன்று.

டொக்... டொக்... டொக்...

அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது என்று நினைத்தான். கையால் அழுத்திப் பிடித்தான். நிற்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். தட்டலும் கூடியது.

முழுவதும் அணைத்தான்.

டொக்... டொக்...

தரையில் பதிந்திருந்த அவன் உள்ளங்கைக்குப் பக்கத்தில். சிமெண்ட் தரை. கீழே மண்தான்.

திரும்பித் தவழ்ந்தான். நாலடி போயிருப்பான்.

கணுக்காலில்... ஐந்து விரல்கள்.

ஜில்லென்று.

பிடித்தன. பிறகு, பலமில்லாமல், நழுவின.

நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அங்கேயும் கேட்டது. தெளிவாக.

டொக்...

வாசலில் டாக்டர். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை.

"நாற்காலிக்குக் கேக்குதா?"

மச்சினனுக்குப் பொய் வரவில்லை. "கேக்குது சார். இந்த ரூம்லயே அங்க இருந்துதான் நல்லா கேக்குது."

டாக்டர் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். மச்சினன் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தான். மணி 3:41.

மறுநாள் சாயங்காலம் டாக்டரின் மகள் போன் செய்தாள். அப்பா நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லையாம். போன வருடம் அம்மா அந்த மூலையில்தான் விழுந்தாராம். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. பிற்பகல் மூன்று மணி. ஆறு மணிக்கு மகள் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. அப்பா அதே அறையில், மூலைக்கு முதுகு காட்டிப் போட்ட அந்த நாற்காலியில்தான் இருந்தார். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றார். எல்லோரும் நம்பினார்கள். மகளும்தான். ஆனால் அம்மாவின் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"அவ்வளவு பாட்டுச் சத்தத்துல அப்பாவுக்கு நிஜமாவே கேட்டிருக்காதா அண்ணா? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா இறந்த தேதியைக் கேட்டுக்கொண்டு, பிறகு கூப்பிடுவதாக மச்சினன் சொன்னான்.

திங்கட்கிழமை என்னைக் கடைக்கு வரச் சொன்னான். கையில் பழைய சர்வீஸ் சீட்டு ஒன்று. டாக்டரின் ஆம்ப்ளிபயர் கடைக்கு வந்தது ஒன்பதாம் தேதி. திரும்பிப் போனது பத்தொன்பது. அந்த அம்மா இறந்தது பதினாலு.

அந்த வீட்டில் பாட்டுக் கேட்க இருந்த ஆம்ப்ளிபயர் அது ஒன்றுதான். அன்றைக்கு அது இந்த அலமாரியில் கிடந்தது. அன்று அங்கே பாட்டே ஓடவில்லை.

"எப்படிச் சொல்றது மாமா? பெத்த அப்பா."

நான் சீட்டை வாங்கித் தேதிகளை மறுபடி பார்த்தேன். மணி 12:20. மெயின் சுவிட்சை அவன் அணைத்து வைத்திருந்தான். எந்தச் செட்டும் ஓடவில்லை.

கடை அலமாரியின் அடியிலிருந்து...

டொக்... டொக்... டொக்...

நான்தான் அவன் போனை எடுத்து, டாக்டர் மகளின் எண்ணைப் போட்டு, அவன் கையில் திணித்தேன். மணி அடித்தது. தட்டலும் தொடர்ந்தது. மகள் எடுத்து "சொல்லுங்க அண்ணா" என்றாள்.

தட்டல் நின்றது.