மை ஒட்டாத சான்றிதழ்

அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள். மொட்டைமாடிக்குத் தட்டை ஓடு பதிக்கும் ஒரு மேஸ்திரியிடம்தான் எப்போதும் வேலை. சேலையூரிலும் மேடவாக்கத்திலும் புது வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாடி முடிந்ததும் மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து, தளம் முழுக்கத் தண்ணீர் கட்டி வைப்பார்கள். மறுநாள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கும் ஈரம் தெரியாவிட்டால்தான் வேலை முடிந்தது. அம்மா கலவை சுமந்த மாடி எதுவும் ஒழுகியதில்லை என்று மேஸ்திரியே சொல்வார்.

எங்கள் வீடு ஒழுகும். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் இருந்தோம். ஐப்பசியில் ஓட்டு வழியாக வருவது போதாதென்று வாசல் வழியாகவும் தண்ணீர் வரும். நான் எட்டாவது படித்த வருடம் என் நோட்டுகள் எல்லாம் ஊறித் தாள் தாளாகப் பிரிந்துவிட்டன. அம்மா ஒவ்வொன்றாக அடுப்போரம் காயவைத்தாள். எந்தத் தாள் எந்தப் பாடம் என்று அவளுக்குத் தெரியாது. கறையின் நிறம் பார்த்து அடுக்கிக் கொடுத்தாள். வரலாற்றுக்கு நடுவில் அல்ஜீப்ரா வந்தது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நான் கொண்டுவந்தபோது, எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அப்படி ஒரு தாள் வாங்கியவர் வேறு யாருமில்லை. நான் தோழி வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா அதை எடுத்துக்கொண்டு தாம்பரம் போய், ஸ்டேஷன் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து வந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்தபோது தாம்பாளத்தில் தண்ணீர். அதன் அடியில் என் சான்றிதழ்.

நான் எடுக்கப் பாய்ந்தேன். "சும்மா கெட. சாயங்காலம் வரிக்கும் தண்ணி கட்டிப் பாக்கணும்" என்றாள்.

சாயங்காலம் எடுத்து ஒரு உதறு உதறினாள். சேப்பங்கிழங்கு இலையிலிருந்து உருண்டு ஓடுவதுபோல் தண்ணீர் ஓடிப்போனது. உள்ளே கணக்கில் நான் எடுத்த தொண்ணூற்றாறு அப்படியே இருந்தது. அடுத்த இரண்டு நாள் யார் வந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினாள். நன்றாகக் குளிப்பாட்டு, மார்க்கு இன்னும் வளரும் என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எல்லாரும் பதிந்துவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதிந்தால் வகுப்பு முழுவதற்கும் ஒரே பதிவு மூப்பு. தவறினால் எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்விடுவோம். அம்மாவுக்குப் பள்ளிக்கரணையில் ஒரு மாடி பாதியில் நின்றதால் நாங்கள் போனது கடைசி நாளில். வாயைத் திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

கவுன்டரில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பி முதுகில் சீல் வைத்தார். மை சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு நின்றது. கட்டைவிரலால் தொட்டார். வழித்துக்கொண்டு வந்துவிட்டது. பேனாவால் எழுதிப் பார்த்தார். முனை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"என்னம்மா, மார்க் ஷீட்டுக்கு ரெயின்கோட் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே?"

வரிசையில் சிரித்தார்கள். சீலும் நம்பரும் இல்லாமல் பதிய முடியாது, உறையைப் பிரித்தால் தாள் கிழியும், வேறு சான்றிதழுக்கு எழுதிப் போட்டு வாங்கி வாருங்கள் என்றார். அதற்கு மாதக்கணக்காகும்.

நான் அம்மாவைப் பார்த்துத் திரும்பினேன். "எழுதப் படிக்கத் தெரியாதுல்ல? என் விஷயத்துல ஏன் கை வெக்கிற?"

இப்போது அதை எழுதக் கை கூசுகிறது. அம்மா சான்றிதழின் முதுகை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வழவழன்னு கீது. கொத்தி வுடாத செவுரு. அப்பறம் எப்பிடி புடிக்கும்?" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு அவரிடம், "சார், சாப்பாட்டுக்குப் போவாதீங்க. தோ வந்துட்டேன்."

வழவழப்பான பழைய சுவரில் புதுப் பூச்சு நிற்காது. சுத்தியலால் குழி குழியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் பூசுவார்கள். எதிர்ச்சாரியில் இருந்த ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஒன்று வாங்கிவந்தாள். அலுவலகப் படியில் உட்கார்ந்து, சான்றிதழை மடியில் கவிழ்த்து, மரம் இழைப்பதுபோல் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. பளபளப்பு போய்ப் பிளாஸ்டிக் வெளுத்தது. முந்தானையால் தூளைத் துடைத்தாள்.

நாங்கள் உள்ளே போனபோது அவர் கவுன்டர் கதவில் கை வைத்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, சீலை அழுத்தி எடுத்தார். ஊதினார். சற்றுப் பொறுத்துக் கட்டைவிரலை வைத்து இழுத்தார். ஓரத்தில் மை லேசாக இழுபட்டது. மற்றதெல்லாம் நின்றது. பேனாவும் பிடித்தது. என் நம்பரை எழுதிப் பேரேட்டிலும் ஏற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஒரு சீலுக்கு எதுக்கும்மா முதுகு பூரா தேய்ச்சே?"

"இன்னும் படிக்கப் போறா சார். அப்பால வர்ற சீலுக்கெல்லாம் எடம் வோணாமா?"

ஒவ்வொரு படிப்புக்கும் தனித் தாள் உண்டு, அந்தந்தச் சீல் அந்தந்தத் தாளின் முதுகில்தான் விழும் என்பது எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த வரிசையில் நான் ஒரு தடவை வாயைத் திறந்ததே போதும் என்று பேசாமல் நின்றேன்.

இப்போது பி.எஸ்ஸி. இறுதியாண்டு படிக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.