ஜன்னலில் தொங்கிய கல்பாசி

மரகதம் டீச்சர் போய்விட்டார் என்று ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுத்திணறல் என்றார். பாடம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எங்கே நடத்துவது பாடத்தை? பிள்ளைகள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரே பள்ளியில் அவர் அறிவியல், நான் கணக்கு. சிரிக்கத் தெரியாதவர் என்று எங்களில் பலர் அவரைச் சொல்வதுண்டு. அவர் மகள் மல்லிகா மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது; அதற்குப் பின்னால் ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறை. நிலக்கரிப் புகை நேரே வீட்டுக்குள் இறங்கும். டாக்டரோ, "பனி ஒத்துக்கல" என்றார்.

டீச்சர் பேத்தமங்களா ஏரிக்கரை மரங்களிலிருந்து கல்பாசி படர்ந்த குச்சிகளை ஒடித்துவந்து ஜன்னலில் கட்டினார். நாம் பிரியாணியில் போடும் அதே கல்பாசிதான். லைனே அதைத் திருஷ்டிக்கு என்று நினைத்துவிட்டது! "டீச்சரே கட்டிக்கிறாங்க, நமக்கு இன்னா?" என்று அவரிடமே குச்சி வாங்கி, வீட்டுக்கு வீடு மிளகாயோடு சேர்த்துத் தொங்கவிட்டார்கள். புத்தரை வணங்குகிறவர், இந்தக் கூத்தைப் பார்த்துக் கோபப்படுவார் என்று பயந்தேன். "வுடுங்க மேரி டீச்சர், எனக்கு வேல மிச்சம்" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் பார்த்தோம். கடைக்கோடி வீடுகளில் பாசி சாம்பல் பச்சையாக அப்படியே இருந்தது. பட்டறையை ஒட்டிய வீடுகளில் எலும்பாக வெளுத்திருந்தது.

"இதுக்கு வேர் இல்ல. காத்துல வர்றதத்தான் குடிக்குது. பொகையில இருக்குற கந்தகம் உள்ள போனா, ஆக்சிஜனே அதுக்கு எமனாயிடுது. இரும்பத் துரு தின்ற மாதிரி உள்ளயே தின்னுடுது. பாசிக்கு இருமத் தெரியாது, வெளுத்துப் போவும்" என்றார் டீச்சர்.

வெளுத்த குச்சிகளை முந்தானையில் வாரிக்கொண்டுபோய்ப் பட்டறை வாசலில் கொட்டினார். திருஷ்டிக்குக் கட்டியதே செத்துப்போச்சே என்று பின்னால் வந்த பெண்கள் போட்ட கூச்சலில்தான் முதலாளி வெளியே வந்தார்.

புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். மல்லிகாவுக்கு இழுப்பு குறைந்தது. நான் பாயசம் செய்து எடுத்துப்போனேன், டீச்சர் தொடவில்லை.

"ஒசரமாக் கட்டினா பொக செத்துடுமா? வேற யாரு ஊட்டுக்கோ போவுது."

அவருடைய நெஞ்சு அதற்குள் கெட்டுப்போயிருந்தது. கடைசிவரை தேறவேயில்லை.

அவர் பச்சையாகக் கொடுத்த குச்சி ஒன்று, பட்டறையிலிருந்து தள்ளி ஊரிகத்தில் இருக்கும் என் வீட்டு ஜன்னலில் தொங்குகிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அடக்கம் முடிந்து வந்து, அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெளுத்திருக்கிறது. உள்ளே என் சின்ன மகள் இருமினாள்.

"பனி ஒத்துக்கல" என்றார் அவள் அப்பா.