மருந்து முந்தியா, குரல் முந்தியா

முதலில் இரண்டாகத் தெரிந்தது என் நெல் குவியல்தான். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. படுதாவை விலக்கினேன். ஒரு குவியல் இருந்த இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, மூச்சு விடுவதுபோல லேசாக அசைந்தன. கண்ணைக் கசக்கினேன். இரண்டும் அப்படியே இருந்தன.

அதற்கு முன்பே வயிறு பிசைந்துகொண்டிருந்தது. சோடா வாங்கிக் குடித்தேன். நிற்கவில்லை.

எங்கள் பக்கம் குறுவை அறுத்ததும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் கொட்டிவிட்டு, முறை வரும்வரை காத்துக் கிடப்போம். மழை வந்தால் மூடவும் வெயில் வந்தால் கிளறிவிடவும் ஆள் வேண்டும். அதனால் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வோம். நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் எது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் படுப்போம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குத்தகை விவசாயி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். என்னைப் போலக் களத்தில் படுப்பவர்களும், வீட்டு ஆள் ஒருவர் பேச்சில்லாமல் கிடக்க வெளியே காத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சிஸ்டர், டாக்டரின் உத்தரவு வருவதற்கு முன்பே எனக்கு மருந்து ஏற்றத் தொடங்கினாரா என்று பிறகு விசாரணை நடந்தது. அவருடைய வேலை அந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டது. அப்போது அந்த அறையில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். என் கண்கள் மூடியிருந்தன.

அன்றைக்கே என் முறை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். போய்விட்டால் முறை போய்விடும். அதனால் வலியைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் குவியல் கோவிந்தராசுதான் முதலில் கவனித்தார்.

“என்னப்பா, புதுமாப்பிள்ளை மாதிரி கண்ணத் தொறக்க மாட்டேங்குற?”

தூக்கம் என்று சொல்ல நினைத்தேன். குரல் மூக்கு வழியாக வந்தது. எச்சில் கெட்டியாகித் தொண்டையில் நின்றது. விழுங்க முடியவில்லை. அவர் முகம் மாறியது. என்னை வண்டியில் ஏற்றி, நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொண்டுபோனார்.

சுகாதார நிலையத்தில் அப்போது பணியில் இருந்தவர் பரிமளா சிஸ்டர். டாக்டர் ஒருவரே இரண்டு நிலையங்களைப் பார்க்கிறார். அன்று இன்னொன்றில் இருந்தார். உதவிக்கு இருக்கும் அம்மா இன்னும் வரவில்லை.

சிஸ்டர் என் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். “ராத்திரி எங்கண்ணே படுத்திருந்தீங்க?”

“நெல்லுகிட்ட.”

“கட்டில்லயா தரையிலயா?”

“தரை.”

கோவிந்தராசு இடையில் புகுந்தார். “பாம்பெல்லாம் இல்ல சிஸ்டர். நானும் பக்கத்துலதான படுத்திருந்தேன்? ராத்திரி முட்டை புரோட்டா தின்னாப்ல. அதான்.”

“புரோட்டா தின்னா கண்ணு மூடிக்குமா?”

“அந்தக் கடை புரோட்டா தின்னா மூடும் சிஸ்டர்.”

அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். கைலியைத் தொடை வரை தூக்கச் சொன்னார். நான் தயங்கினேன். “இதுல என்னண்ணே வெக்கம்?” என்று அவரே விலக்கிப் பார்த்தார். கை, கால், முதுகு, காது மடலின் பின்புறம் வரை தேடினார். பல் பட்ட தடம் எங்கும் இல்லை. வீக்கம் இல்லை. வலிகூட வயிற்றில்தான்.

கட்டுவிரியன் (கறுப்பு உடலில் வெள்ளைக் கட்டுகள் உள்ள பாம்பு) கடித்தால் பெரும்பாலும் அப்படித்தான் என்று பிறகு சொன்னார்கள். கொசு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாதாம். தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

சிஸ்டர் ஆம்புலன்சுக்குப் பேசினார். கோவிந்தராசையும் கூட வந்தவரையும் சாலை முனையில் போய் நின்று வழிகாட்டச் சொன்னார். அவர்கள் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குள் என் இமைகள் முழுவதும் விழுந்துவிட்டன. திறக்க நினைத்தேன். நினைத்தது கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. கையைத் தூக்க நினைத்தேன். கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

இனி நான் சொல்வதெல்லாம் காதால் கேட்டது.

சிஸ்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் டாக்டருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. குளிர்பெட்டியின் கதவு திறந்தது. கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று மோதின. விஷமுறிவு மருந்து (பாம்பின் நஞ்சை மேற்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பது) பொடியாக இருக்கும். அதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவர் குப்பிகளை உள்ளங்கையில் வைத்து உருட்டியிருக்க வேண்டும். வளையல் உராயும் சத்தம் சீராக வந்தது.

“கேக்காமப் போடக் கூடாது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. “கேக்காமப் போடக் கூடாது.” வளையல் சத்தம் நிற்கவில்லை.

பிறகு கை வழியாக ஒரு குளிர்ச்சி ஏறியது. பிறகு டாக்டரின் குரல். “சொல்லுங்க சிஸ்டர்.” அவர் வேகமாக எல்லாவற்றையும் சொன்னார். “கடிவாய் இருக்கா?” “இல்ல சார்.” “போடுங்க. நான் வரேன்.”

அதற்கப்புறம் உடம்பு முழுக்க அரிப்பு. சொறிய முடியாத அரிப்பு எப்படி இருக்கும் என்பதை என்னால் எழுத முடியாது. தடிப்புத் தடிப்பாக வீங்கி, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிஸ்டர் தொடையில் ஒரு ஊசி போட்டார். ஒரு வண்டி வந்து நின்றது. டாக்டர் உள்ளே வந்தார். என் மூச்சு நிற்கப்போகும் நேரத்தில் முகத்தில் முகமூடியை வைத்துப் பையை அமுக்கி மூச்சு கொடுத்தது அவர்தான். தஞ்சாவூர் வரை ஆம்புலன்சில் அமுக்கிக்கொண்டே வந்ததும் அவர்தான். இதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் வென்டிலேட்டரில் (நமக்குப் பதிலாக மூச்சு விடும் கருவி) வைத்தார்கள். நெஞ்சு ஏறுவது எனக்குத் தெரிந்தது. ஏற்றுவது நான் இல்லை. மூச்சு வேண்டாம் என்று நினைத்தாலும் வந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்தாலும் அதே அளவுதான் வந்தது. வேறு யாரோ எனக்குள் படுத்துக்கொண்டு நிதானமாகத் தூங்குவதுபோல இருந்தது.

யாராவது இமையைத் தூக்கினால் வெளிச்சம் கொட்டும். ஒரு முகம் மிகப் பெரிதாகத் தெரியும். விரலை எடுத்ததும் இருட்டு. அந்த இருட்டில் கொள்முதல் நிலையம் வந்துவிடும். “அடுத்து யாரு?” என்று கூப்பிடுவார்கள். என் முறை. எழுந்திருக்க முடியாது. மறுபடி கூப்பிடுவார்கள். குவியல்கள் ஒவ்வொன்றாகப் போகும். என்னுடையது மட்டும் இருக்கும். அதன் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று என்னோடு சேர்ந்து காத்திருப்பதுபோலத் தோன்றும். அதை நான் பார்த்ததே இல்லை. இன்று வரை அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

மனைவி அமுதா வருவாள். அழுவாள். அவளுடைய அண்ணன் ரவி என் கால்மாட்டில் நின்று பேசுவார்.

“நல்ல மனுஷனா இருந்தாப்ல. உயிரு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிடுவோம் அமுதா. இங்க வச்சு என்ன பண்றது?”

வீட்டில் வைத்து உயிர் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குழாயோடு கொண்டுபோய் வாசலில் கழற்றுவார்கள். நான் பலமுறை அப்படிப்பட்ட வாசலில் நின்றிருக்கிறேன். கழற்றும்போது உள்ளே இருந்தவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அங்கிருந்த டாக்டர் மறுத்துவிட்டார். “இது மூளை போனதில்லை. நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவுல உக்காந்திருக்கு. தானா விடணும். காத்திருங்க.” வார்டு நர்சு அமுதாவிடம், “அவருக்குக் கேக்கும்மா, ஏதாவது பேசுங்க” என்றார்.

அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். “ஏங்க, நெல்லப் போட்டாச்சுங்க. கோவிந்தராசு அண்ணன் நின்னு போட்டுட்டாரு.”

அதற்குப் பிறகு யாரும் என் முறையைக் கூப்பிடவில்லை. படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பேச்சில்லாமல் கிடப்பவரிடம் அவருக்கு எது பாக்கி இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

வலது பெருவிரல்தான் முதலில் திரும்பி வந்தது. பிறகு இமை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் சொந்த மூச்சு. அந்த மூச்சை நானே விடுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. கருவியை எடுத்த அன்று ஒவ்வொரு மூச்சையும் வேண்டுமென்றே விட்டேன். மறந்தால் நின்றுவிடும் என்று தோன்றியது.

பேச்சு வந்த பிறகுதான் தெரிந்தது, ரவி சிஸ்டர் மேல் மனு கொடுத்திருக்கிறார்.

“பேசிக்கிட்டு உள்ள போன ஆளு மச்சான் நீங்க. அந்தப் பொம்பள ஊசி போட்டப்புறம்தான் பொணமா வெளிய வந்தீங்க. டாக்டரே இல்லாம அவ யாரு போடுறதுக்கு?”

“நஞ்சு மச்சான். ஊசி இல்ல.”

“கடிச்ச எடம் எங்க? காட்டுங்க.”

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பிறகு சுகாதார நிலைய டாக்டரே அவரிடம் பேசிப் புரியவைத்தார். ரவி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் விசாரணை அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. சிஸ்டர் மருந்து ஏற்றிய நேரத்தை அந்த அவசரத்தில் குறிக்காமல் விட்டிருந்தார்.

ஊரில் இதே பேச்சு. டாக்டர் வரும்வரை நர்சு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று சிலர். இன்றைக்குப் பாம்புக்கு விட்டால் நாளைக்கு வயிற்றுவலிக்கெல்லாம் போட்டு ஆளை முடித்துவிடுவார்கள் என்று சிலர். டீக்கடையில் என்னை வைத்துக்கொண்டே பேசுவார்கள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுபரிசோதனைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, சிஸ்டர் செய்தது தவறா என்று டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“அவங்க கண்டுபிடிச்சது சரி. ஆனா அந்த மருந்தும் ஆளக் கொல்லும். ஒங்களுக்குப் பிரஷர் இறங்குச்சு. நான் வந்து சேர்ந்தேன். வந்திருக்காட்டி? அவங்களக் காப்பாத்த எந்தச் சட்டமும் கிடையாது.”

“முன்னாடியே போட்டதாலதான் பொழைச்சேனா சார்?”

“அதைச் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது.”

வெளியே சிஸ்டர் நின்றிருந்தார். என் இமைகளைத்தான் முதலில் பார்த்தார். “எனக்கே எது முதல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியலண்ணே. ரிங்கு போயிக்கிட்டே இருந்துச்சு. கை கலக்கிக்கிட்டே இருந்துச்சு. கடிவாய் வேற இல்ல, பாதி சந்தேகம். நீங்க என்ன கேட்டீங்களோ அதச் சொல்லுங்க.”

விசாரணை அன்று ஒரு சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கு நினைவு இருந்துச்சா?”

“எல்லாம் கேட்டுச்சுங்க.”

“மருந்து முந்தியா, டாக்டர் குரல் முந்தியா?”

என் வாழ்க்கையில் ஒருவர் நான் சொல்வதற்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. அந்த இருட்டில் கேட்டவை ஒன்றன் பின் ஒன்றாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஆனாலும் எனக்கு மருந்துதான் முதலில் தெரிந்தது. அதைச் சொல்வதுதான் சிஸ்டருக்கு நான் செய்யும் நன்றி என்று நினைத்தேன்.

“மருந்துதாங்க முந்தி. அவங்க காத்துக்கிட்டு நிக்கல. அதனாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்.”

அவர் எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டியபோது முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. மற்றது கேள்விக்குப் பதில் இல்லையாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சிஸ்டரின் வேலை போகவில்லை. எச்சரித்து, கடற்கரைப் பக்கத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்கிறார்கள். இரட்டையாகத் தெரிவதில்லை. கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சத்தங்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. படுத்துக் கண்ணை மூடினால் சில நாள் குளிர்ச்சி முதலில் வருகிறது. சில நாள் “போடுங்க” என்ற குரல் தெளிவாக முதலில் வருகிறது, குளிர்ச்சி அதன் பின்னால் மெல்ல ஏறுகிறது. கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு குரல்தான் அதிக நாள் முந்திக்கொள்கிறது.

போன வாரம் அமுதா சிஸ்டரின் போன் எண்ணை அழுத்தி, போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அவரே முதலில் பேசினார்.

“கண்ணு நல்லாத் தெரியுதாண்ணே?”

“தெரியுது சிஸ்டர். அங்க எப்படி இருக்கு?”

“உப்புக் காத்து. மத்தபடி இதே வேலதான்.”

கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். “என்ன மாதிரி யாராச்சும் அங்க வந்தா என்ன பண்ணுவீங்க?”

அந்தப் பக்கத்தில் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. எங்கோ ஒரு கதவு காற்றில் ஆடுவது கேட்டது. அவர் மூச்சு கேட்டது.

“முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுவேண்ணே” என்றார். “எடுக்குற வரைக்கும் பண்ணுவேன்.”

அந்தப் பதிலுக்கு முன்னால் அவர் பேசாமல் இருந்தது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடிகாரம் பார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. மூச்சை வைத்துத்தான் நேரத்தை அறிகிறேன். அந்த நேரம் முழுவதும் நான் ஒரு மூச்சுகூட விடவில்லை என்பது, அமுதா என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் தெரிந்தது.