அக்கா காலேஜில் சேர்ந்த விதம்

அக்காவுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாக எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பத் தொடங்கியபோது, அவள் பள்ளிக்கூடத்தையே இன்னும் முடித்திருக்கவில்லை. அதற்குக் காரணம் மாமா.

அக்கா டெனிகாய்ட் ஆடுவாள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச, எதிராளி அதைக் கீழே விடாமல் பிடிக்க வேண்டும். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் இறங்கிவிட்டால் மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளிக்கூடங்களில் எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. ஒரு போட்டியைப் பார்க்க வந்த காலேஜ் விளையாட்டு டீச்சர், "எங்க காலேஜுக்கு வந்துடும்மா" என்று அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலேஜ்ல எனக்குத் தெரியாதவாளே கிடையாது. சீட்டு கெடச்சாச்சுன்னு வெச்சுக்கோங்கோ" என்றார் அப்பாவிடம். மாமா சொன்னால் அப்பாவிடம் அதற்கு அப்பீல் இல்லை. வெளியே எடுத்து வைத்திருந்த அக்காவின் ஜாதகம் மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

அக்காவுக்கு மட்டும் நிம்மதியில்லை. அரை வருஷப் பரீட்சையில் அவள் கணக்கில் தேறியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, சிநேகிதி ஆத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு லஸ்ஸில் டிராம் ஏறினாள். நாங்கள் போய் நின்றது காலேஜ் பிரின்ஸிபாலின் அறை வாசலில்.

பிரின்ஸிபால் ஒரு வெள்ளைக்காரி. அக்கா தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்; அந்த அம்மாள் சிரிக்காமல் நிதானமாகப் பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அக்காவின் காதுகள் சிவந்தது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும்போது டிராமில் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"பரீட்சை முடிஞ்சு, காலேஜுக்குத் தகுதியானவா பேரைப் போடற எலிஜிபிள் லிஸ்ட்ல பேர் வந்தாத்தான் சேத்துப்பாளாம். வளையத்துக்கெல்லாம் மார்க் கெடையாதாம். வந்தா நானே அப்ளிகேஷன் போடணுமாம்."

"மாமாதான் சொல்லி வெச்சிருக்காரே?"

"கேட்டுப் பாத்தேன். மாமாவை அங்கே யாருக்கும் தெரியாதுடீ."

அதற்காக அவள் அழவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு டீச்சரிடம் போய், பரீட்சை முடியும்வரை ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இறுதிப் போட்டி வரப்போகிற சமயம். டீச்சர் கத்தினாள், பிறகு கெஞ்சினாள். அக்கா இல்லாமல் ஆடிப் பள்ளிக்கூடம் தோற்றது. கோப்பையைப் பறிகொடுத்த பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவள் காலையில் பிரார்த்தனை மணிக்கு முன்னாலேயே போய்க் கணக்கு டீச்சரிடம் உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அதே கணக்குகளை மறுபடி போட்டாள். பக்கத்துத் திடலில் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

பள்ளிக்கூடத்தில் லிஸ்ட் ஒட்டிய அன்று என்னையும் அழைத்துப் போனாள். பலகைக்கு முன்னால் ஒரே நெரிசல். அக்கா தூரத்திலேயே நின்றுவிட்டாள். கணக்கு டீச்சர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "வந்திருக்குடீ பொண்ணே!" என்றாள். அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தாள். அன்றே அப்ளிகேஷன் எழுதினாள். சில நாட்களில் இடம் கிடைத்தது என்று காலேஜிலிருந்து கடுதாசி வந்தது.

மாமா வந்தார். அம்மா கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "நான் ஒரு வார்த்தை போட்டு வெச்சேனோ இல்லையோ, நடந்துடுத்து பாத்தேளா?" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். "அங்கே உனக்குத் தெரிஞ்சவா இருக்காங்கற தைரியத்துலதான் பொண்ணை அனுப்பறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஆமாம் மாமா, நீங்க சொல்லலேன்னா நடந்திருக்குமா?" என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி கேசரியைப் போட்டாள்.

அன்று ராத்திரி நான் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரிக்கே பயப்படாதவள், போயும் போயும் மாமாவுக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.